வேலியும் வழிபாடும்: அடையாற்றங்கரைக் காட்டுப்புறத்தின் வரலாறு

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு, திருவான்மியூர் ஆகியவை இன்று இடைவெளியின்றி ஒட்டிக் கிடக்கும் நகரப் பகுதிகள். ஆனால் அவை அவ்வாறு ஒன்றோடொன்று இணைந்தது கடந்த நூறாண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றமே ஆகும். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இந்நிலப்பரப்பில் ஊர் என்று சொல்லத்தக்க அளவில் மயிலாப்பூர் ஒன்றே இருந்தது. அதன் கிழக்கே கடல், மேற்கே பெரிய ஏரி, தெற்கே அடையாறு, ஆற்றைக் கடந்தால் பனையும் முட்புதரும் மண்டிய காடு, காட்டுக்கும் கடலுக்கும் இடையே சில சிற்றூர்கள் என்றே நிலம் அமைந்திருந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் இக்காட்டினைத் தாவரவியலார் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்பர். அதாவது ஆண்டின் பெரும்பகுதி மழையின்றி வறண்டிருந்தாலும், சிறிய தடித்த இலைகளை முற்றிலும் உதிர்க்காமல் பசுமையாகவே நிற்கும் குறுமரங்களும் கொடிகளும் நிறைந்த காடு. களா, சூரை, காரை, குன்றிமணி, நாவல் போன்றவை இதில் வளர்பவை.

இப்புறநிலத்தை நோக்கி வெளியூர் மக்கள் வந்ததற்கு முதன்மையான காரணம் வழிபாடே. மரம், பாறை, சுனை, குளம், கழிமுகம் (ஆறு கடலோடு கலக்கும் உப்புநீர்ப் பகுதி) ஆகிய இயற்கைப் பொருள்களைச் சுற்றியே சைவர்களும் வைணவர்களும் கிறித்தவர்களும், பிற்காலத்தில் பிரம்மஞான சபையினரும் தம் புனிதத் தலங்களை அமைத்துக்கொண்டனர். ஆயினும் அத்தலங்களைச் சூழ்ந்திருந்த காடும் நீர்நிலைகளும் எவ்வாறு எஞ்சின, எவ்வாறு அழிந்தன என்று ஆராயும்போது, பக்தி காத்துத் தந்தது மிகச் சிறிய அளவினதே என்பதும், பரந்த நிலத்தைக் காத்தது பெரும்பாலும் வேலியும் உடைமையுரிமையுமே என்பதும் புலனாகின்றன.

மயில்கள் உலவிய சிற்றூர்

வெனிசு நகரத்து வணிகரான மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரை வழியே சென்றபோது, இயேசுவின் சீடரான புனித தோமாவின் உடல் அடக்கம் செய்யப்பட்ட ஊரைப் பற்றிய செய்திகளைத் தம் பயணநூலில் பதிவு செய்தார். ஊரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை எனினும், அது மயிலாப்பூரே என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. மக்கள்தொகை குறைந்த சிற்றூர் என்றும், வாங்கி விற்கத்தக்க சரக்கு அதிகம் இல்லாததாலும் எளிதில் சென்று சேர முடியாததாலும் வணிகர்கள் அங்கே செல்வது அரிது என்றும் அவர் எழுதுகிறார். கிறித்தவர்களும் இசுலாமியர்களும் ஒருசேர அவ்வூருக்கு யாத்திரை வந்தனர் என்பதும், புனிதர் இறந்த இடத்துச் செம்மண்ணைக் கிறித்தவ யாத்திரிகர்கள் எடுத்துச்சென்று காய்ச்சல் கண்டவர்களுக்கு நீரில் கலந்து கொடுத்தனர் என்பதும் அவர் தரும் பிற செய்திகள். தோமா தம் குடிலுக்கு வெளியே காட்டில், சுற்றிலும் மயில்கள் மேய, வழிபாட்டில் ஆழ்ந்திருந்தபோது, மயிலைக் குறிவைத்த வேடன் ஒருவனின் அம்பு தவறி அவர்மீது பட்டது என்னும் கதையையும் போலோவே பதிவு செய்துள்ளார்.

இக்கதையில் வரும் மயிலும் காடும் கிறித்தவ மரபுக்கு மட்டும் உரியவை அல்ல. உமையவள் மயிலுருக்கொண்டு புன்னை மரத்தடியில் சிவலிங்கத்தை வழிபட்டாள் என்பது கபாலீச்சரத்தின் தலபுராணம். 7-ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம், புன்னை மரங்கள் அடர்ந்த கானலை, அதாவது கடற்கரைச் சோலையைக் குறிப்பிட்டே தொடங்குகிறது. அவ்வூர்த் திருவிழாக்களை வரிசைப்படுத்தும்போது மாசி மாதக் கடலாட்டையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஆகவே இரு சமயத்தாரின் மரபுகளும் மயிலாப்பூரைக் கடலும் சோலையும் மயிலும் உடைய ஊராகவே காட்டுகின்றன. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்த்துக்கேயரான துவார்த்தே பார்போசா, முன்பு பெரிய நகராக இருந்த அவ்வூர் ஏறத்தாழ ஆளற்றுக் கிடந்தது என்றும், தோமாவின் கல்லறைக் கோயிலில் விளக்கெரிய இசுலாமியர் ஒருவர் பிச்சை எடுத்து எண்ணெய் வாங்கினார் என்றும் கூறுவது, போர்த்துக்கேயர் வந்து குடியேறும் வரையில் போலோ கூறிய ஆள் குறைந்த நிலை பெரிதும் மாறவில்லை என்பதைக் காட்டுகிறது.

தலமரங்கள்

தலமரம் அல்லது ஸ்தல விருட்சம் என்பது ஒரு கோயிலின் தோற்றக் கதையோடு பிணைந்து, மூலவருக்கு அடுத்த நிலையில் வழிபடப்படும் மரம். கோயில் எழுவதற்கு முன் அவ்விடத்தில் இருந்த சோலையின் எச்சமாகவே அதனைக் கருதலாம். கபாலீச்சுவரர் கோயிலின் புன்னை, திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் வன்னி, மயிலாப்பூர்த் திருவள்ளுவர் கோயிலோடு தொடர்புடைய இலுப்பை ஆகிய மூன்றும் இப்பகுதியின் நன்கறியப்பட்ட தலமரங்கள். புன்னை உப்புக்காற்றைத் தாங்கிக் கடலோர மணலில் வளர்வது. வன்னி வறண்ட நிலத்து முள்மரம். இலுப்பை, விளக்கெரிக்கும் எண்ணெய்க்காக ஊர்ப்புறத் தோப்புகளில் பேணப்பட்டது. ஒரு மரம் மட்டுமே எஞ்சியிருக்கும் இடத்திலும், அம்மரம் எந்த வகை என்பதைக்கொண்டு பழைய நிலத்தின் இயல்பை ஓரளவு உணர முடிகிறது.

கபாலீச்சுவரர் கோயில் முதலில் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தபின் இன்றுள்ள இடத்தில் எழுப்பப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். கோயில் இடம் மாறியபோதும் புன்னை மரபு கைவிடப்படவில்லை. வெளிப்பிராகாரத்தில் நிற்கும் புன்னை மரத்தடியில் சிறு சன்னிதி ஒன்று உள்ளது. அதில் மயில் ஒன்று அலகில் மலர் ஏந்தி இலிங்கத்தை வழிபடும் சிற்பம் இருக்கிறது. கடற்கரைச் சோலை முழுவதும் மறைந்தபின், அதன் நினைவை ஒரு மரமும் ஒரு சிற்பமும் சுமந்து நிற்கின்றன.

திருவான்மியூர் மயிலாப்பூரிலிருந்து ஆற்றைக் கடந்து தெற்கே செல்ல வேண்டிய தலம். சம்பந்தரும் அப்பரும் பாடிய இத்தலத்தில் இறைவன் அகத்தியருக்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தான் என்பது நம்பிக்கை. மருந்தீசர் என்னும் பெயருக்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. மூலிகை விளையும் காட்டின் விளிம்பில் அமைந்த கோயிலுக்கு இக்கதை பொருத்தமானதே. இதைவிடவும் நிலவியல் நோக்கில் பயன்மிக்கது, இங்கே மூலவர் மேற்கு நோக்கி அமைந்திருப்பதற்குச் சொல்லப்படும் காரணம். 16-ஆம் நூற்றாண்டின் சைவ அறிஞரான அப்பைய தீட்சிதர் வேளச்சேரியிலிருந்து வழிபடப் புறப்பட்டபோது இடையில் வெள்ளம் பெருகி வழியை அடைத்தது என்றும், சன்னிதியின் பின்புறத்தை மட்டுமே காண நேர்ந்த அவர் வேண்டிக்கொள்ள, இறைவன் மேற்கே திரும்பிக் காட்சி தந்தான் என்றும் அத்தல மரபு கூறும். இதனை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டுவதில்லை; ஆனால் வேளச்சேரிக்கும் திருவான்மியூருக்கும் இடைப்பட்ட தாழ்நிலம் மழைக்காலத்தில் கடக்க முடியாத நீர்ப்பரப்பாக மாறும் என்பதை மக்கள் வழிவழியாக அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கதை சான்றாகிறது. 2015 திசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்கியபோது அந்நிலத்தின் இயல்பு மாறவில்லை என்பது மீண்டும் தெரியவந்தது.

பாறையும் படிக்கட்டும்

அடையாற்றின் தென்கரையை ஒட்டிய சின்னமலையும், அதற்கு மேலும் தென்மேற்கே உள்ள பரங்கிமலையும் கிறித்தவ யாத்திரிகர்களின் தலங்கள். சின்னமலை உண்மையில் தாழ்ந்த பாறைக் குன்றே. தோமா ஒளிந்து வாழ்ந்த குகையும் அவர் தாகத்துக்காகப் பாறையிலிருந்து வரவழைத்த சுனையும் அங்கே இருப்பதாக நம்பப்படுகிறது. போர்த்துக்கேயர் 1551-இல் அங்கே ஒரு கோயில் கட்டினர். ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள பரங்கிமலையின் உச்சியில் அவர்கள் 1523-இல் கட்டிய கோயில் உள்ளது. 1547-இல் அங்கே அகழ்ந்தபோது இடைக்காலப் பாரசீக மொழியான பகலவியில் எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. கரை வழியே வந்த கப்பல்களுக்கு இம்மலை ஓர் அடையாளமாகவும் பயன்பட்டது.

இவ்விரு குன்றுகளையும் அடைவதற்குத் தடையாக இருந்தது அடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மயிலாப்பூரை ஒட்டிய போர்த்துக்கேயர் குடியேற்றமான சாந்தோமிலிருந்தும் மதராசிலிருந்தும் புறப்பட்ட யாத்திரிகர்கள் கரையிலேயே காத்திருக்க வேண்டியிருந்தது. அர்மீனிய வணிகரான கோஜா பெத்ரூசு உசுகான் 1726-இல் சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே தம் சொந்தச் செலவில் மர்மலாங் பாலத்தைக் கட்டினார். பரங்கிமலையில் ஏறுவதற்கான படிக்கட்டுகளைச் சீரமைத்தவரும் அவரே. பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்றும், அதன் பராமரிப்புக்காக மேலும் 1,500 வராகனை ஒதுக்கினார் என்றும் குறிப்புகள் உள்ளன. வராகன் என்பது அக்காலத்துத் தென்னிந்தியப் பொற்காசு. யாத்திரிகர்களின் வசதிக்காக ஒரு பக்தர் கட்டிய பாலமே நகரம் தெற்கே பரவுவதற்கான முதல் நிலையான வழியாகவும் அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது. அப்பாலம் இருந்த இடத்தில் 1966-இல் மறைமலையடிகள் பாலம் எழுந்தது. கீழ்ப்புறத்தில், கழிமுகத்துக்கு அருகே, எல்பின்சுடன் பாலம் 1840-ஐ ஒட்டிக் கட்டப்பட்டதால் மயிலாப்பூருக்கும் அடையாறு பகுதிக்கும் இடையே நேர்வழி கிடைத்தது. அதன் பணியை 1973 முதல் திரு.வி.க. பாலம் ஏற்றுக்கொண்டது.

ஆளுநரின் காடு

சின்னமலைக்குத் தெற்கே பரந்திருந்த கிண்டிக் காட்டை எந்தச் சமயமும் முழுமையாகத் தனக்குரிய புனித நிலமாகக் கொள்ளவில்லை. 1670களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராசு ஆளுநரான வில்லியம் லாங்ஹார்ன் இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தோட்ட மாளிகை ஒன்றை அமைத்தார். மதராசுக் கோட்டைக்குள் நிலவிய வெக்கையிலிருந்தும் நெருக்கடியிலிருந்தும் விலகி ஓய்வெடுப்பதற்காக ஊருக்கு வெளியே கட்டப்பட்ட இத்தகைய தோட்ட வீடுகள் அன்றைய ஐரோப்பியர்களின் வழக்கம். பல கைகள் மாறிய அவ்விடத்தைக் காட்டோடு சேர்த்து அரசு 1821-இல் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அது ஆளுநரின் நாட்டுப்புற மாளிகையாகி, விடுதலைக்குப் பின் ஆளுநர் மாளிகையாக நிலைபெற்றது. மாளிகையைச் சூழ்ந்த 505 எக்டேர் காடு 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. காப்புக்காடு என்பது மரம் வெட்டுவதும் ஆடுமாடு மேய்ப்பதும் அரசின் இசைவின்றித் தடை செய்யப்பட்ட காடு. எனவே வெளிமான்கள் மேய்ந்த இக்காடு பிழைத்ததற்கு அடிப்படை, அதைச் சுற்றியிருந்த சிற்றூர் மக்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் உள்ளே நுழைய முடியாதபடி ஆட்சியாளர்கள் போட்ட தடையே ஆகும். அக்காவலின் சுமையைத் தாங்கியவர்கள் அச்சிற்றூர் மக்களே என்பதை மறந்துவிட்டு இக்காட்டின் வரலாற்றைச் சொல்ல இயலாது.

விடுதலைக்குப் பின் இதே காடு அரசு நிறுவனங்களுக்குக் கையிருப்பு நிலமாக ஆயிற்று. 1956-இல் காந்தி மண்டபம் திறக்கப்பட்டது. 1958-இல் ஒரு பகுதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்காக ஒதுக்கப்பட, மறுஆண்டு அக்கழகம் தொடங்கியது. பின்னர் இராஜாஜி, காமராசர் நினைவகங்களுக்கும் இடம் தரப்பட்டது. 1961-க்கும் 1977-க்கும் இடையில் மட்டும் சுமார் 172 எக்டேர் வெவ்வேறு துறைகளுக்குச் சென்றது. எஞ்சிய சுமார் 2.7 சதுரக் கிலோமீட்டர் 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதால்தான் இக்குறைப்பு நின்றது.

தொழில்நுட்பக் கழக வளாகத்துக்குள் பீலியம்மன், ஜலகண்டேசுவரர் கோயில்கள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. பீலியம்மன் ஊர்க்காவல் தெய்வங்களின் மரபைச் சேர்ந்தவள். நீரோடு தொடர்புடைய பெயரைத் தாங்கிய சிவன் கோயில் வளாகத்து ஏரியின் அருகே உள்ளது. நிலம் கைமாறியபோதும் தெய்வங்கள் இடம்பெயரவில்லை. ஆனால் அத்தெய்வங்களைச் சுற்றி நிலைத்த மரங்களைக் காத்தது வளாகத்தின் சுற்றுச்சுவரே.

ஆலமரமும் சபையும்

வேலியும் வழிபாடும் ஒன்றாகச் சேர்ந்த அரிய இடம் அடையாற்றின் தென்கரையில் உள்ள பிரம்மஞான சபையின் தோட்டம். 1875-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் பம்பாய்க்கு மாறிய இச்சபை, அனைத்துச் சமயங்களுக்கும் பொதுவான மெய்ஞ்ஞானத்தை ஆராய்வதைத் தன் நோக்கமாகக் கொண்டிருந்தது. அதன் நிறுவனர்களான பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் ஆற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கர் இடத்தை வாங்கி, 1882 திசம்பரில் தலைமையகத்தை அங்கே மாற்றினர். அத்தோட்டம் மலிவாகக் கிடைத்ததற்கான காரணத்தை ஆல்காட் தம் நினைவுக் குறிப்பில் விளக்கியுள்ளார்: நீலகிரி அடிவாரம் வரை ரயில் பாதை வந்துவிட்டதால் உயர் அதிகாரிகள் ஆண்டின் பாதியை உதகையில் கழிக்கத் தொடங்கினர், அதனால் மதராசின் பெரிய தோட்ட வீடுகள் விற்பனைக்கு வந்தும் வாங்குவார் இல்லை. மலைநாட்டுக்குப் போன ரயிலே ஆற்றங்கரைத் தோட்டத்தைச் சபையின் கைக்குச் சேர்த்தது எனலாம்.

1907-இல் தலைவரான அன்னி பெசன்ட் அடுத்தடுத்த தோட்டங்களையும் வாங்கிச் சேர்த்தார். அவ்வாறு வந்த நிலத்தில்தான் புகழ்பெற்ற அடையாறு ஆலமரம் நின்றது. ஏறத்தாழ 450 ஆண்டு வயதுடையதாக மதிப்பிடப்படும் அம்மரத்தின் நிழலில் சபையின் ஆண்டு மாநாட்டுக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் அமர்ந்து சொற்பொழிவு கேட்டனர். 1989-ஆம் ஆண்டுப் புயலில் தாய்மரம் சாய்ந்தது. ஆனால் ஆலின் விழுதுகள் மண்ணில் ஊன்றித் தனித்தனித் தண்டுகளாகிவிடுவதால், நடுவில் அடிமரம் இல்லாமலேயே மரம் தொடர்ந்து வாழ்கிறது. சுமார் 250 ஏக்கராகப் பெருகிய அத்தோட்டம் கழிமுகக் கரையைப் பெரிய கட்டடங்கள் ஆக்கிரமிக்காமல் இன்றுவரை தடுத்துள்ளது. அச்சபையில் 1936-இல் பிறந்த கலைப்பள்ளியான கலாச்சேத்திரா, 1962-இல் திருவான்மியூர்க் கடலோர மணல்வெளிக்கு மாறி மரங்கள் நட்டுச் சோலையாக்கியதும் இதே மரபின் நீட்சியாகும்.

காவலற்ற நீர்நிலைகள்

மரத்துக்கும் பாறைக்கும் கிடைத்த காவல் பெரிய நீர்நிலைகளுக்குக் கிட்டவில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை வில்போல் வளைந்து கிடந்த பேரேரி, மயிலாப்பூருக்கு மேற்கெல்லையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினர். 1923 முதல் அதன் ஒரு பகுதி வடிக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கத்துப் பகுதியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கோயிலைச் சேர்ந்த தெப்பக்குளம் மயிலாப்பூரின் நடுவே நிலைத்திருக்க, அதைவிடப் பன்மடங்கு பெரிய ஏரி தடமின்றிப் போனதற்கு, முன்னதற்குத் தெப்பமும் தீர்த்தமும் இருந்தன, பின்னது பாசனத்துக்கு மட்டுமே பயன்பட்டது என்ற வேறுபாடே விளக்கமாகிறது. வயல்கள் மறைந்ததும் அந்த ஏரிக்காக வாதாட யாரும் இல்லை.

தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் கதையும் இதுவே. உள்ளூரார் கழுவெளி என்று அழைக்கும் அந்நிலம் மழைநீரை ஏந்திக் கடலுக்கு மெல்ல விடுவிக்கும் பரப்பு. அதனை முழுமையாகக் காக்கத் தலபுராணமும் இல்லை, ஆளுநரின் வேலியும் இல்லை. எனவே குப்பைக் கிடங்கும் அலுவலக வளாகங்களும் அதன் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக, நகரின் மற்றோர் ஆறான கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயும் படகுப் போக்குவரத்தை இழந்து, 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களுக்கு இடமாயிற்று; முன்பு விறகும் உப்பும் சுமந்த படகுகளோடு மாமல்லபுரம் காணச் சென்றவர்களின் படகுகளும் அதில் ஓடின.

மூன்றாம் காவல்

1990களிலிருந்து பக்தியையும் தனியுடைமையையும் சாராத மூன்றாவது காவல் ஒன்று உருவாகியுள்ளது, அது சட்டம். அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய உப்பங்கழியைத் தூர்த்துக் கட்டடம் எழுப்புவதை எதிர்த்துத் தன்னார்வ அமைப்புகள் 1990களில் உயர் நீதிமன்றம் சென்றன. எஞ்சிய 58 ஏக்கரில் மண்ணுக்குரிய மரவகைகள் நடப்பட்டு 2011-இல் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. பள்ளிக்கரணையின் 317 எக்டேர் 2007-இல் காப்புக்காடாகியது. 2022-இல் சுமார் 1,247 எக்டேர், சதுப்புநிலங்களைக் காப்பதற்காக 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இம்மூன்று காவல்களின் வேறுபாடு இன்று இவ்விடங்களுக்குச் செல்வோர் நுழையும் முறையிலேயே வெளிப்படுகிறது. கோயிலின் வெளிப்பிராகாரத்திலும் குன்றிலும் யார்க்கும் தடையில்லை, ஆனால் காணக் கிடைப்பது ஒரு மரமும் ஒரு சுனையுமே. பிரம்மஞான சபைத் தோட்டத்தில் குறித்த நேரங்களில் மட்டும் அனுமதி. கிண்டியில் சிறுவர் பூங்கா வரை சீட்டு வாங்கிச் செல்லலாம், உட்காடு பொதுமக்களுக்கு மூடப்பட்டது. பக்தி எல்லோருக்கும் இடம் தந்து சிறிதளவே காத்தது. வேலி பெரிதளவு காத்து, பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. சட்டத்தின் காவலில் பரப்பும் பெரிது, உரிமையும் பொதுவானது. ஆனால் நில ஆவணங்களில் ஏரி ஏரியென்றும் சதுப்பு சதுப்பென்றும் பதிவாகியிருக்கும் வரையில்தான் அது செல்லுபடியாகும். தென்சென்னையில் எஞ்சிய இயற்கையின் எதிர்காலம், தலபுராணங்களைக் காட்டிலும் வருவாய்த்துறைப் பதிவேடுகளையே அதிகம் சார்ந்திருக்கிறது.